சாரதி ஆசனத்துக்குப் பின்னாலிருந்து நீ சொன்னது

ஜெரோம்,

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். அவசரப்படாமல் வாசி. விளங்காத இடத்தில் அப்பாவைக் கேள். நான் எழுதுவது அவருக்குத் தெரியும். "எழுதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பிரெஞ்சில் எழுதினால் பாதிதான் எனக்கு வரும், ஆங்கிலத்தில் எழுதினால் வேறு யாரோ எழுதியது போல இருக்கும். அதைவிட, நான் எழுதப்போகிற அந்த நாளில் நீ எனக்குச் சொன்னதெல்லாம் தமிழில்தான். மூன்று கிழமையில் உனக்குக் கலியாணம். அதற்கு முன் இதை உன் கையில் தந்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனம் அடித்துக்கொண்டிருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து நீயும் மெலனியும் இங்கே பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். மாப்பிள்ளைத் தோழனுக்கு உடுப்பு அளவெடுக்க என்று ஜோயலும் கியூபெக் நகரத்திலிருந்து வந்திருந்தான். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கீழே பேஸ்மென்டுக்குப் போன நேரம் அவன் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். பால் பொங்கி வழிந்து கருகி, எனக்குக் கீழேயே மணந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெலனி ஓடிவந்து அடுப்பை நிறுத்திவிட்டு, மூக்கு வேலை செய்யவில்லையா என்று அவனுக்கு விளங்கப் பிரெஞ்சில் பகிடியாகக் கேட்டாள். பாவம், அவளுக்கு அவனை அவ்வளவு பழக்கமில்லை. அவன் சிரித்துக்கொண்டே, "இல்லை, பதினாறு வயதிலிருந்து வேலை செய்வதில்லை. பள்ளிக்கூடப் பயணத்தில் தலையில் கல் விழுந்தது" என்றான். அவளுக்கு முகம் மாறிவிட்டது. "ஐயோ, எப்படி விழுந்தது?" என்று கேட்டாள். ஜோயல் வாயைத் திறக்க முதல் நீ சொன்னாய்: "பழைய கோட்டைச் சுவர். தானாக விழுந்தது."

ஜோயல் தன் கோப்பையைப் பார்த்தான். பிறகு நான் கருகின சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது நீ எனக்குப் பின்னால் வந்து நின்றாய். "அம்மா, மெலனிக்கு அந்தக் கதை ஒண்டும் சொல்லாதேங்கோ. பிளீஸ்." நான், "நான் ஏன் சொல்லப்போறன்" என்றேன். அது உண்மை. அது என் வாயால் வரவேண்டிய கதை இல்லை. ஆனால் உனக்கு நான் சொல்லலாம். நீ அந்த நாளை உனக்குள்ளே இருந்து பார்த்தவன், அதனால் உனக்குத் தெரிவதெல்லாம் உன் பயம்தான். நான் வெளியே இருந்து பார்த்தேன். பாதியை பஸ் கண்ணாடியில் பார்த்தேன், மீதியை மைதானத்தின் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். நான் பார்த்த ஜெரோமை நீ இதுவரை பார்த்ததே இல்லை.

நீ உயர்பள்ளியில் கடைசி வகுப்புப் படித்த வருடம் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற மஞ்சள் பஸ் ஓட்டத் தொடங்கியிருந்தேன். உனக்கு அது பிடிக்கவில்லை. நீ சொல்லவில்லை, ஆனால் உன் பள்ளிக்கூடத் தெருவுக்கு என்னைப் போடக்கூடாது என்று நீ கர்த்தரை மன்றாடியிருப்பாய். ஜூன் மாதத்தில் உங்கள் வகுப்புக்கு அந்தப் பயணம் வந்தது. காலையில் வரலாற்று ரீச்சரோடு ஆற்றங்கரையில் இருந்த பழைய பிரெஞ்சுக் கோட்டை, மத்தியானத்துக்குப் பிறகு லாசாலில் ஒரு பூங்காவில் ஹர்லிங் என்கிற ஐரிஷ் மட்டை விளையாட்டில் ஒரு மட்ச். உடற்பயிற்சி ஆசிரியர் மிஸ்டர் டொய்ல் அயர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர், இரண்டு வருடமாக உங்களுக்கு அந்த விளையாட்டைப் பழக்கியிருந்தார். இங்கே நெடுங்காலமாக இருக்கிற ஐரிஷ் குடும்பத்துப் பையன்களோடு முதல் தடவையாக மோதப்போகிறீர்கள் என்று வீட்டில் அதே பேச்சு. அடிப்பக்கம் அகலமான அந்த மர மட்டையை நீ படுக்கைக்குப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டுத்தான் படுப்பாய். பயணத்துக்குப் போகவேண்டிய சாரதிக்குச் சுகமில்லாமல் போய் என்னைப் போகச் சொன்னார்கள். நான் வீட்டில் வந்து சொன்னதும் நீ சாப்பாட்டைத் தள்ளிவைத்தாய். "வேற ஒருத்தரும் இல்லையோ அம்மா?" என்று மட்டும் கேட்டாய்.

அடுத்த நாள் காலையில் நீங்கள் வரிசையாக பஸ்ஸில் ஏறினீர்கள். நான் செம்மஞ்சள் அங்கியோடு ஆசனத்தில் இருக்கிறேன். உன் முறை வந்தது. நீ என் முகத்தைப் பாராமல், யாரோ ஒரு பெண்ணுக்குச் சொல்வது போல, "பொன்ஜூர், மதாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். உனக்குப் பின்னால் ஏறிய ஜோயல் அதைக் கேட்டுவிட்டு, "பொன்ஜூர் ஆன்ரி!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தி, உன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டான். எத்தனை தரம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை. நான் சிரித்தேன், ஆனால் அந்த 'மதாம்' நெடுஞ்சாலை ஏறும்வரை காதில் கேட்டுக்கொண்டிருந்தது. இதைக் குறையாக எழுதவில்லை. அந்த நாள் எப்படித் தொடங்கியது என்று சொன்னால்தான் அது எங்கே போய் முடிந்தது என்று உனக்கு விளங்கும்.

கோட்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கூரை இல்லாத நான்கு கற்சுவர், அவற்றில் வெறும் பொத்தலாக நிற்கிற சன்னல்கள், சுற்றிவரக் கம்பிவேலி, ஏறக்கூடாது என்று ஒரு பலகை. அதற்கப்பால் ஆறு. நான் பஸ்ஸோடு வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். ரீச்சர் முன்னால் கையை ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டு போக, நீங்கள் பின்னால் வாலாக நீண்டு போனது தெரிந்தது. திரும்புகிற நேரம் எல்லாரும் வந்துவிட்டார்கள், நீயும் ஜோயலும் இல்லை. ரீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மிஸ்டர் டொய்ல் விசிலை ஊதினார். எனக்கு ஆற்றைப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்த நேரம் பின்பக்கச் சுவரடியிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் நடந்து வந்தீர்கள். அந்த வெயிலில் ஜோயல் ஹூடியை இழுத்துத் தலையை மூடியிருந்தான். நீ அவனுடைய முழங்கையைப் பிடித்திருந்தாய். டொய்ல் இரண்டு வார்த்தை ஏசினார், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினீர்கள். ஜோயல் என்னைத் தாண்டிப் போனான். ஆன்ரி என்று சொல்லவில்லை. நான் இருப்பதே அவனுக்குத் தெரியாதது போலப் போனான்.

எனக்குத் தலைக்கு மேலே ஒரு நீளக் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதில் கடைசி ஆசனம்வரை தெரியும். லாசாலுக்குப் போகிற வழி முழுக்க நான் ஒரு கண்ணை அதில் வைத்திருந்தேன். மற்றப் பிள்ளைகள் பாடுகிறார்கள், மட்டையால் தரையைத் தட்டுகிறார்கள். எனக்கு இரண்டு வரிசை பின்னால் ஜோயல் சன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். இடையில் எழும்பி எங்கே போகிறோம் என்று உன்னிடம் கேட்டான். "லாசால்" என்றாய். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்டான். "லாசால், சொன்னேனே." பிறகும் கேட்டான். நீ அவனுக்கு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாய், அவன் அதற்குள் குனிந்தான். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. சுவருக்குப் பின்னால் போய் எதையோ புகைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்க எனக்குத் தோன்றவில்லை. நான் ஓட்டுகிற பஸ்ஸில், என் பிள்ளை, என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன்.

பூங்காவில் ஐரிஷ் குடும்பங்கள் மடக்குக் கதிரை போட்டு இருந்தார்கள். ஹர்லிங்கை நான் அன்றுதான் முதன்முதல் பார்த்தேன். கையில் அடங்குகிற சின்னத் தோல் பந்து, ஆனால் கல்லுப்போல. அதை ஆகாயத்தில் வைத்தே மட்டையால் விளாசுகிறார்கள். இரண்டு பேர் ஒரே பந்துக்கு மட்டையை ஓங்கினால் மரமும் மரமும் மோதுகிற சத்தம் வயிற்றுக்குள் கேட்கும். எல்லாருக்கும் தலையில் கவசம், முகத்துக்குக் கம்பி. ஜோயல் கவசத்தைப் போடும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பக்கத்தைக் கையால் பிடித்ததைக் கண்டேன். நீ கிட்டப் போனாய். அவன் உன்னைத் தள்ளிவிட்டான். அவன்தான் உங்களுடைய நல்ல ஆட்டக்காரன், தூரத்திலிருந்து அடித்தாலும் கம்பத்துக்கு நடுவால் போகும் என்று நீயே சொல்லுவாய். ஆட்டம் தொடங்கியதும் அவன் நன்றாகத்தான் ஓடினான், ஒன்றிரண்டு அடியும் விழுத்தினான். ஆனால் நீ பின்வரிசையில் நின்றுகொண்டு பந்தைப் பார்க்கவே இல்லை. உன் தலை அவன் போகிற பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. உன்னைத் தாண்டிப் பந்து போய் கோல் விழுந்தபோதும் நீ அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய்.

இடைவேளையில் நான் பொறுக்கமாட்டாமல் கோட்டடிக்கு வந்து உன் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு மறுபக்கம் இழுத்தேன்.

"அம்மா, பிளீஸ், இஞ்ச வராதேங்கோ. எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். அங்க சுவருக்குப் பின்னால என்னத்தைப் பத்தினீங்கள்?"

"ஒண்டும் பத்தேல்லை."

"என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு. அவன்ர கண்ணைப் பாத்தனான். வாந்தி எடுத்தவன். எனக்கு விசர் எண்டு நினைச்சியோ?"

"ஒண்டும் இல்லையம்மா. அவன் சொல்லவேண்டாம்..." என்று தொடங்கி நிறுத்தினாய். மட்டை உன் காலில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. நான் அந்த நேரம் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் நீ சொல்லியிருப்பாய் என்று பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். நான் பொறுக்கவில்லை, "வீட்ட வா, அப்பாவோட கதைச்சுக்கொள்ளுறன்" என்றேன். விசில் ஊதியது. நீ ஓடிவிட்டாய்.

இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் உங்கள் பக்கத்துக்கு ஒரு தனி அடி கிடைத்தது. ஜோயல் பந்தைத் தரையில் வைத்தான். நிமிர்ந்து பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி, உங்களுடைய சொந்தக் கோலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சனம் சிரித்தது. பகிடி விடுகிறான் என்று நினைத்தார்கள், டொய்லும் சிரித்தார். ஜோயல் சிரிக்கவில்லை. அவன் நின்ற இடத்திலேயே ஒரு பக்கம் சரிந்து, மட்டையை ஊன்றி நிமிர்ந்தான். நடுவர் பந்தைத் தூக்கி மற்றப் பக்கத்துக்குக் கொடுத்தார். ஆட்டம் அவன் தலைக்கு மேலால் தொடர்ந்தது. பந்து உயர எழும்பி அவனை நோக்கித்தான் இறங்கியது. இரண்டு பையன்கள் மட்டையை ஓங்கிக்கொண்டு அவன்மேல் ஓடிவந்தார்கள். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை.

நீ அப்போது செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மட்டையை எறிந்துவிட்டு ஓடினாய். பந்துக்கு ஓடவில்லை. அந்த இரண்டு பேருக்கும் ஜோயலுக்கும் நடுவில் போய் விழுந்தாய். ஒரு அடி உன் தோளில் இறங்கியது, அந்தத் தழும்பை நீ இப்போதும் சட்டையால் மறைத்துக்கொண்டு திரிகிறாய். எழும்பித் தலைக்கவசத்தைக் கழற்றி வீசிவிட்டு, ரீச்சரையும் பார்க்காமல், டொய்லையும் பார்க்காமல், நான் நின்ற பக்கம் திரும்பிக் கத்தினாய். "அம்மா! நிப்பாட்டச் சொல்லுங்கோ! அவன்ர மண்டையில கல் விழுந்ததம்மா! காலமையே விழுந்தது!"

அங்கே அதை விளங்கிக்கொண்டவள் நான் ஒருத்திதான். நான் மைதானத்துக்குள் ஓடினேன். எனக்குத் தெரிந்த எல்லாப் பாஷையிலும் கத்தினேன். டொய்லின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஜோயல் எங்களை நோக்கி இரண்டு எட்டு நடந்து வந்து, "வென்றுவிட்டோமா?" என்று கேட்டான். அப்படியே முழங்கால் மடிந்தான். உன் மடியில்தான் விழுந்தான்.

அம்புலன்ஸ் வந்தது, டொய்ல் அதில் ஏறிப் போனார். மற்றப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடவேண்டியது நான். அழுகிற பிள்ளைகள், வேலை விட்டு வருகிற நேரத்து நெரிசல். நீ வந்து எனக்கு நேர் பின்னால் இருந்த ஆசனத்தில் இருந்தாய். பாலம் தாண்டியதும் உன் குரல் என் பிடரிக்குப் பின்னால் கேட்டது.

"அம்மா."

"சொல்லு. நான் ரோட்டைத்தான் பாப்பன். காது உன்னட்டத்தான் இருக்கு."

நீ சொன்னாய். சுவரில் ஏறிப் பார்ப்போம் என்று சொன்னது நீ. ஜோயல் வேண்டாம் என்றான். நீ ஏறினாய், சன்னலுக்கு மேலே இருந்த ஒரு கல்லைப் பிடித்துத் தொங்கினாய், அது ஆடியது, ஆடுகிறது என்று தெரிந்தும் இன்னொரு தரம் இழுத்தாய். கல் கழன்றது. நீ குதித்துவிட்டாய். கீழே நின்றவனுடைய தலையில் அது விழுந்தது. அவன் கொஞ்ச நேரம் கண் மூடிக் கிடந்தான், பிறகு எழும்பிச் சிரித்தான். ஒருவருக்கும் சொல்லாதே, சொன்னால் என்னை விளையாட விடமாட்டார்கள் என்று உன்னிடம் சத்தியம் வாங்கினான். "நான் அவனுக்காக எண்டுதான் சொல்லேல்லை அம்மா" என்றாய். சிவப்பு விளக்கொன்றில் நின்றோம். பிறகு நீ திரும்பச் சொன்னாய்: "இல்லையம்மா. அது பொய். எனக்குப் பயமா இருந்தது. கல்லை இழுத்தது நான் எண்டு தெரிஞ்சிடும் எண்டுதான் சொல்லேல்லை."

ஜெரோம், அந்த இரண்டாவது வசனத்தை உன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. முதலாவதோடு நீ நிறுத்தியிருக்கலாம், நானும் நம்பியிருப்பேன். ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் இருக்க, ஒருவருக்கும் விளங்காத பாஷையில், என் பின்தலையைப் பார்த்துக்கொண்டு நீ உன்னை நீயே காட்டிக்கொடுத்தாய். எனக்குத் திரும்பி உன் தலையைத் தடவ வேண்டும் போலவும் இருந்தது, பளார் என்று ஒன்று தரவேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நாம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காருக்குள் நான் அப்பாவுக்குப் போன் எடுத்தேன், அவர் சொன்னது உனக்கும் கேட்டது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளையை வாய் திறக்க விடாதையும். கல் விழுந்தது, அவ்வளவுதான். பொலிஸ், கேஸ் எண்டு போனால் அவன்ர வாழ்க்கை முடிஞ்சுது" என்றார். அவரைக் கோபிக்காதே. வாய் திறந்த பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பி வராத ஒரு போர்க்காலத்தில் இருந்து வந்த மனிதர் அவர். நான் அவருக்கு ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. நீ சன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய்.

ஜோயலை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மண்டை ஓட்டுக்குள்ளே இரத்தம் கசிந்து மூளையை அழுத்துகிறதாம். அவனுடைய தாய், வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிற மதாம் ரோஸ்லின், வேலை உடுப்போடு கொரிடோரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் போக முதல் நீ போய்விட்டாய். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அப்பாவின் குரல் காதில் இருந்தது. ஆனாலும் கையை நீட்டவில்லை. நீ அவர் முன்னால் நின்று பிரெஞ்சில் எல்லாவற்றையும் சொன்னாய். ஏறினது நான், இழுத்தது நான், குதித்தது நான். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "எப்போதிருந்து உனக்குத் தெரியும்?"

"காலையிலிருந்து."

"என் கண் முன்னால் நிற்காதே" என்றார்.

நீ கொரிடோரின் மறு கோடிக்குப் போய் அங்கேயே நின்றாய். நான் வீட்டுக்குப் போவோம் என்றேன், நீ தலையை ஆட்டினாய். இருக்கவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. கதவு திறக்கும்போதெல்லாம் உன் தோள் உயர்ந்து இறங்கும். கடைசியில் டாக்டர் வந்து மதாம் ரோஸ்லினிடம் கதைத்தார். காலையிலேயே கொண்டுவந்திருந்தால் எவ்வளவோ நல்லது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் விளையாடியிருந்தால், அல்லது அந்தத் தலையில் இன்னொரு அடி பட்டிருந்தால், பிள்ளை இல்லை என்றார். ஆள் பிழைத்துவிடும் என்றார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். 'காலையிலேயே' என்றதை நீ இன்றுவரை கொண்டு திரிகிறாய். 'பிழைத்துவிடும்' என்றதை நான் எத்தனை தரம் சொல்லியும் உன் காதில் விழவில்லை. மதாம் ரோஸ்லின் என்னிடம் வந்து, "பிழைத்துவிட்டான்" என்றார். சொன்னது எனக்கு. ஆனால் முகம் உன் பக்கம் இருந்தது, உனக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னார்.

பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் நீ அப்படியே சொன்னாய், பட்டமளிப்புக்கு உன்னை வரவேண்டாம் என்றார்கள். பொலிஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. டொய்ல் ஒரு வருடத்துக்கு மட்டையைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். ஜோயல் கோடை முழுக்க உன் போனை எடுக்கவில்லை. கல்லுக்காகக் கோபமா, சத்தியத்தை உடைத்ததற்காகக் கோபமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு நாள் தானாக வந்து வாசலில் நின்றான். நான் மீன்குழம்பும் சோறும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆன்ரி, உறைப்பு மட்டும் தெரிகிறது. வேறு ஒன்றும் இல்லை" என்றான். அவனுக்கு மணம் தெரியாமல் போனது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. நீ எழும்பிக் கீழே பேஸ்மென்டுக்குப் போய்விட்டாய். அவன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு உனக்குப் பின்னால் இறங்கிப் போனான். கீழே என்ன கதைத்தீர்கள் என்று நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவனுடைய ஒவ்வொரு சிகிச்சைக்கும் நீ கூடப் போனாய்.

அவன் உன்னை மன்னித்தது அந்தக் கல்லைப் பற்றிய முழு உண்மையும் தெரிந்துதான். தெரியாமல் மன்னித்திருந்தால் அது மன்னிப்பே இல்லை. இப்போது நீ அவனைப் பொய்க்குக் கூட்டாளி ஆக்கியிருக்கிறாய். உன் பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போகிறவன், உன் மனைவி கேட்கிற ஒவ்வொரு தரமும் கோப்பையைப் பார்க்கவேண்டும். மெலனி உன்னை நல்லவன் என்று நினைக்கிறாள். நானும் நினைக்கிறேன், ஆனால் நான் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு நினைக்கிறேன். அவளுக்கும் அந்த வாய்ப்பைக் கொடு. கலியாண வாழ்க்கையைப் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்பாவும் நானும் சண்டை பிடித்தது முக்கால்வாசியும் சொன்ன சொல்லுக்காக இல்லை, சொல்லாமல் விட்டதற்காகத்தான். கசிவு உள்ளே இருக்கும்போது முகம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும், ஆளும் ஓடி விளையாடும். அதுதான் பயங்கரம்.

அவள் உன்னிடம் கேட்பாள், ஏன் உடனே சொல்லவில்லை என்று. அதற்கு உன்னிடம் நல்ல பதில் கிடையாது. பயம் என்று சொல்லு. பிறகு வாயை மூடிக்கொண்டிரு. அவள் அழுதால் அழட்டும், எழும்பிப் போனால் வாசல்வரை போய் நிற்காதே, தெருவரை போ.

இவ்வளவையும் இரண்டு இரவாக எழுதிவிட்டு இன்று காலை வேலைக்குப் போனேன். மத்தியானம் இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இருந்தபோது மெலனி போன் எடுத்தாள்.

"மாமி, ஜெரோம் ஒரு விசயம் சொல்லவேணும் எண்டு பின்னேரம் வரச் சொன்னவர். குரலே சரியில்லை. எனக்குப் பயமாக் கிடக்கு. உங்களுக்கு என்னெண்டு தெரியுமோ?"

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றேன். "அவனே சொல்லட்டும். நீர் இடையில எழும்பாமக் கேளும். முழுக்கக் கேட்டுட்டு, பேந்து என்ன வேணுமெண்டாலும் ஏசும்."

"வேற ஆரும் பொம்பிளையோ மாமி?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இல்லையம்மா, இல்லை" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சொல்லவில்லை.

ஆகவே இந்தக் கடிதம் இனித் தேவையில்லை, நீயாகவே புறப்பட்டுவிட்டாய். ஆனாலும் தருகிறேன், நீ உன்னை வெளியே இருந்து ஒரு தரம் பார்க்கவேண்டும். பின்னேரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சோற்றைக் குழையவிட்டேன். அப்பா ரீவியைப் போட்டுவிட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறார். இருட்டத் தொடங்குகிறது, உன் போன் நிறுத்திக் கிடக்கிறது, அவளுக்கு எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. இந்தக் கடைசிப் பந்தியைக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

இப்போது உன் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்கிறது. அப்பா எழும்பிவிட்டார். ஒரு கதவு சாத்திக் கேட்டது. மற்றக் கதவு, மெலனி வழமையாக இருக்கிற பக்கக் கதவு, உடனே சாத்திக் கேட்கவில்லை, நான் பேனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போது அதுவும் சாத்திக் கேட்கிறது.

அம்மா